மஸ்டாங் காரை விற்க அவருக்கு உரிமை இருக்கிறதா?

கேள்வி: எனக்குத் தக்கலை பக்கம். வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்டேன். சின்ன வயதிலிருந்தே ஸ்போர்ட்ஸ் கார் ஆசை. மார்த்தாண்டத்தில் பழைய கார் விற்கும் ஒருவரிடம் 2017 மாடல் ஃபோர்டு மஸ்டாங்கை 38 லட்சத்துக்குப் பேசி முடித்து, 4 லட்சம் அட்வான்ஸ் கொடுத்தேன். வங்கி வழியாக 2 லட்சம், ரொக்கமாக 2 லட்சம். வங்கியில் போட்டதற்கு மட்டும்தான் ரசீது. வண்டி 29,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்றார். பழைய சர்வீஸ் பில்லில் 2021-லேயே 47,000 என்று இருக்கிறது. அதைக் கேட்டதற்கு என் அப்பா முன்னாலேயே கேவலமாகப் பேசிவிட்டார். ஆர்.சி. எர்ணாகுளத்துக்காரர் ஒருவர் பெயரில் இருக்கிறது, வங்கி ஹெச்.பி.யும் (வண்டியை ஈடாக வைத்து வாங்கிய கடனுக்கான பதிவு) இருக்கிறது. "ஓப்பன் ஃபார்மில் கையெழுத்து இருக்கு, எடுத்துட்டுப் போய் ஓட்டுங்க" என்கிறார். மீட்டரைத் திருப்பியதற்காக இவர்மீது மோசடி கேஸ் போட வேண்டும். முடியுமா?

வழக்கறிஞர் பதில்: மீட்டரை ஓரமாக வையுங்கள். அவர் பேசிய பேச்சையும் ஓரமாக வையுங்கள். அப்பா முன்னால் அவமானப்பட்டது வலிக்கும், புரிகிறது. ஆனால் அதை வைத்து உங்கள் 4 லட்சம் திரும்பி வராது. மீட்டரைத் திருப்பியது இவரா, இவருக்கு முன் வைத்திருந்தவரா என்று நிரூபிக்கவே வருடங்கள் போகும்.

உங்கள் கடிதத்தில் சட்டப்படி கனமான விஷயம் ஒன்றே ஒன்றுதான். அதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள்: ஆர்.சி. வேறொருவர் பெயரில், அதுவும் வங்கிக் கடனோடு இருக்கிறது. இந்தக் காரை விற்க மார்த்தாண்டத்துக்காரருக்கு உரிமை இருக்கிறதா? 1930-ம் வருட சரக்கு விற்பனைச் சட்டத்தின் 27-ம் பிரிவுப்படி, விற்பவருக்கு இல்லாத உரிமை வாங்குபவருக்கு வராது. சில விதிவிலக்குகள் உண்டு, ஆனால் ஆர்.சி.யில் ஹெச்.பி. இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்ட உங்களுக்கு அவை உதவாது.

2023 ஏப்ரல் 1 முதல், பழைய வண்டி வியாபாரம் செய்பவர் போக்குவரத்துத் துறையிடம் அங்கீகாரச் சான்று வாங்கியிருக்க வேண்டும். வண்டி தன் கைக்கு வந்ததை ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கவும் வேண்டும். அப்படித் தெரிவித்திருந்தால் சட்டம் அவரையே உரிமையாளராகக் கருதும். அந்தச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் அவர் வெறும் புரோக்கர், அவ்வளவுதான்.

இப்போது ஓப்பன் ஃபார்முக்கு வருகிறேன். நம் மாவட்டத்தில் களியக்காவிளை தாண்டி வரும் கேரளப் பதிவு வண்டிகள் ஏராளம். பலர் பெயர் மாற்றத்துக்கான 29, 30-ம் படிவங்களில் வாங்கிய வெற்றுக் கையெழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள். ஒன்றும் ஆகாதவரை ஒன்றும் ஆகாதுதான். ஆன பிறகு என்னிடம் வருபவர்களை எனக்குத் தெரியும். எல்லாரும் முழுப் பணத்தையும் கொடுத்து முடித்தவர்கள்.

முதலில் வங்கி. ஹெச்.பி. இருக்கும் வண்டியைக் கடன் கொடுத்தவரின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் பெயர் மாற்ற முடியாது. எர்ணாகுளத்துக்காரர் தவணையை நிறுத்தினால் வங்கி வண்டியைத் தேடும், கிடைத்த இடத்தில் எடுக்கும். அப்போது வண்டி உங்கள் வீட்டு முற்றத்தில் நிற்கும். நீங்கள் கொடுத்த 38 லட்சத்தைப் பற்றி வங்கிக்குக் கவலை கிடையாது. "லோன் முடிஞ்சுது, லெட்டர் இருக்கு" என்று ஒரு தாளை நீட்டுவார்கள். அதை நம்பாதீர்கள். அந்த வங்கிக் கிளைக்கு நேரில் போய்க் கேளுங்கள். போலி லெட்டரை நம்பி ஏமாந்தவர்கள் உண்டு.

அடுத்தது, நான் அதிகம் பயப்படுவது: ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் திரும்பி வருவது. அவருக்குச் சேர வேண்டிய பணத்தை இடையில் இருப்பவர் கொடுக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் தன் ஊர் ஸ்டேஷனில் "ஓட்டிப் பார்க்க வாங்கிப் போன வண்டியைத் திருப்பித் தரவில்லை" என்று புகார் கொடுப்பார். நம்பிக்கை மோசடி என்று வழக்கு பதிவாகும், போலீஸ் வந்து வண்டியை எடுத்துப் போகும். அப்புறம் நீங்கள் இடைக்கால ஒப்படைப்புக் கேட்டுக் கோர்ட்டில் மனு போடுவீர்கள். நீதிபதி முதலில் பார்ப்பது ஆர்.சி.யைத்தான். உங்கள் கையில் இருப்பது ஒரு பாதி ரசீதும் வெற்றுப் படிவமும். மனு முடியும்வரை வண்டி ஸ்டேஷன் வளாகத்தில் வெயிலிலும் மழையிலும் கிடக்கும்.

அந்த எர்ணாகுளத்துக்காரர் நல்லவராகவே இருக்கலாம். நாளைக்கு அவர் வெளிநாடு போய்விட்டால் பெயர் மாற்றத்துக்கான ஓ.டி.பி. அவர் போனுக்குத்தான் போகும். இறந்துவிட்டால் அந்தக் கையெழுத்துப் படிவத்துக்கு மதிப்பே இல்லை, வாரிசுகள் ஒவ்வொருவர் பின்னாலும் அலைய வேண்டும்.

மூன்றாவது விபத்து. 5 லிட்டர் வி8 எஞ்சின் வண்டி. நாகர்கோவில் நாற்கரச் சாலையில் ஒரு நொடி போதும். 2018-இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: கார் எத்தனை கை மாறியிருந்தாலும், ஆர்.டி.ஓ. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு. அப்படியானால் நமக்கு நல்லதுதானே என்று நினைக்க வேண்டாம். அந்தப் பொறுப்புக்குப் பயந்துதான் ஆர்.சி.காரர் உங்கள்மீது புகார் கொடுக்க ஓடுவார். உங்கள் சொந்தச் சேதத்துக்கோ ஒரு பைசா வராது. பாலிசி அவர் பெயரில் இருக்கும். வண்டி கை மாறினால் மூன்றாம் நபருக்கான காப்பீடு தானாகத் தொடரும், சொந்தச் சேதத்துக்கான பகுதி தொடராது என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே தீர்த்துவிட்டது. மஸ்டாங்கின் முன்பக்கம் நசுங்கினால் எவ்வளவு ஆகும் என்று விசாரித்துப் பாருங்கள். ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக 2021-இல் அறிவித்துவிட்டது, உதிரி பாகத்துக்கே காத்திருக்க வேண்டும்.

வரி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் வைத்து ஓட்டுவதென்றால் கேரள ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. (ஆட்சேபமில்லாச் சான்று) வாங்கி, இங்கே ஆயுள் வரி கட்டி, டி.என். 74 அல்லது 75 எண் வாங்க வேண்டும். 38 லட்சத்தை வைத்து மட்டும் வரி போடுவார்கள் என்று எண்ணாதீர்கள். வண்டியின் முதல் விலையும் வயதும் கணக்கில் வரும். 2016-இல் இந்த மாடல் இங்கே அறிமுகமானபோதே ஷோரூம் விலை 65 லட்சம். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கணக்கைக் கேட்டுவிட்டுப் பிறகு விலை பேசியிருக்க வேண்டும்.

சைலன்ஸரை மாற்றியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. முதல் விற்பனை பில் இந்திய டீலர் கொடுத்ததுதானா என்பதும் முக்கியம். 2025 செப்டம்பரில், பூட்டான் வழியாகக் கொண்டுவரப்பட்டதாகச் சொல்லப்பட்ட சொகுசு வண்டிகளைத் தேடிக் கேரளத்தில் சுங்கத்துறை பல இடங்களில் சோதனை போட்டது நினைவிருக்கும். முதல் பில் இல்லாத இறக்குமதி காரைத் தொடவே தொடாதீர்கள்.

சரி, அட்வான்ஸ். "வாங்குபவர் பின்வாங்கினால் அட்வான்ஸ் கிடையாது" என்று ரசீதில் அச்சடித்திருக்கலாம். கவலைப்படாதீர்கள். விற்கும் உரிமை தனக்கு இல்லாத நிலையில் பணம் வாங்கினால் ஒப்பந்தத்தை மீறியவர் அவர்தான், நீங்கள் இல்லை. சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. ஆனால் ரொக்கமாகக் கொடுத்த 2 லட்சத்துக்கு ரசீது இல்லை, அங்கேதான் உங்கள் வழக்கு நொண்டும். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதற்கு வருமான வரிச் சட்டத்தில் தடை உண்டு, வாங்கியவருக்கு அதே அளவு அபராதம். அதனாலேயே அவர் "வாங்கவில்லை" என்று சாதிப்பார். அவரோடு நடந்த வாட்ஸ்அப் பேச்சில் அந்தப் பணம் பற்றி ஏதாவது இருந்தால் அதை அழிக்காதீர்கள், அந்த போனையும் மாற்றாதீர்கள். கோர்ட்டில் அதைக் காட்ட மின்னணுச் சாட்சியச் சான்றிதழ் வேண்டும்.

வெளிப்படையாகச் சொல்கிறேன்: சமாதானமாக முடித்துக்கொள்ளுங்கள். நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், சிவில் கோர்ட்டுக்கும் போகலாம். ஜெயிக்கவும் கூடும். ஆனால் ரொக்கப் பணத்தை நிரூபிப்பதில் சிக்கி, செலவும் அலைச்சலும் போக மிஞ்சுவது குறைவு. மூன்றே கால் லட்சம் கையில் வந்தால் வாங்கிக்கொண்டு விலகுங்கள். வக்கீல் நோட்டீஸ் ஒன்று போகட்டும். அதில் மீட்டரும் திட்டும் வேண்டாம். ஆர்.சி., ஹெச்.பி., அங்கீகாரச் சான்று, இந்த மூன்று மட்டும் போதும். பெரும்பாலும் அதற்கே இறங்கி வருவார்கள். ஸ்டேஷனில் போய் மிரட்டிப் பணம் வாங்கும் யோசனை வேண்டாம். அவரும் பதிலுக்கு ஒரு மனு கொடுப்பார், உங்கள் பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது அது குறுக்கே வரலாம்.

பணத்தை உங்கள் வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். பின்தேதியிட்ட செக் தந்தால் வாங்காதீர்கள். கணக்கில் வரவு ஏறிய பிறகுதான் "பாக்கி ஏதுமில்லை" என்று கையெழுத்துப் போட வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் அதே கார்தான் வேண்டும் என்றால் ஒரே ஒரு வழி. எர்ணாகுளத்துக்காரரை நேரில் உட்கார வையுங்கள். கடன் பாக்கியை நீங்களே வங்கியின் கடன் கணக்கில் நேராகக் கட்டுங்கள். ஹெச்.பி. கேன்சல் ஆகி, என்.ஓ.சி. வந்த பிறகு மீதியை அவர் கணக்கில் போடுங்கள். புரோக்கருக்குக் கமிஷன் தனி. உங்கள் பெயரில் பாலிசி வராமல் சாவியை வாங்காதீர்கள்.