பைப் மாட்டி இழுக்கலாமா?

கேள்வி: தாத்தா ஓட்டிய 1967 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார், பதினைந்து வருடமாகக் கொட்டகையில் நிற்கிறது. சைலன்சர் பைப்பைக் கழற்றப் போனால், மேனிஃபோல்டு (இன்ஜின் புகையை வெளியே விடும் குழாய்) பக்கத்து நட்டு அசைய மறுக்கிறது. 13-ம் நம்பர் ஸ்பேனர் இரண்டு தடவை வழுக்கிவிட்டது. ஸ்பேனரில் நீளமாகப் பைப் மாட்டி இழுக்கலாமா?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: வேண்டாம் தம்பி. தொழில் பழகிய காலத்தில் நான் அப்படித்தான் இழுத்தேன். ஸ்டட், அதாவது நட்டு ஏறும் மரை போட்ட கம்பி, வேரோடு ஒடிந்தது. உள்ளே நின்ற துண்டை எடுக்க இரண்டு நாள், முதலாளியிடம் வாங்கிய ஏச்சு தனி.

முதலில் அந்த 13-ஐக் கீழே வையுங்கள். ஹெரால்டு மெட்ராஸில் செய்த வண்டிதான், ஆனால் பூர்வீகம் இங்கிலாந்து டிரையம்ஃப். நட்டெல்லாம் இன்ச் கணக்கு. உங்களுடையது அநேகமாக அரை இன்ச், அதாவது 12.7 மி.மீ. புது நட்டிலேயே 13 லேசாக ஆடும். துரு தின்ற நட்டில் மூலையை மழித்துவிடும். அரை இன்ச் பாக்ஸ் ஸ்பேனர் வாங்குங்கள், உள்ளே ஆறு மூலை உள்ளதாகப் பார்த்து.

வெளியே தெரியும் மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். சிலர் பிரேக் ஆயில் ஊற்றச் சொல்வார்கள். பெயின்ட்டில் பட்டால் உரிந்துவிடும். நட்டின் தலையில் சின்னச் சுத்தியால் தட்டுங்கள். ஓங்கி அடிக்க வேண்டாம், அந்த அதிர்வில்தான் எண்ணெய் உள்ளே இறங்கும். காலை, மாலை என்று இரண்டு நாள் இதே வேலை.

அப்புறம் கழற்றப் போகாதீர்கள், இறுக்குங்கள். ஆமாம், மயிரிழை இறுக்கிவிட்டுத் திருப்ப வேண்டும். ‘கிரீச்’ என்று கத்தினால் நல்ல சகுனம். சத்தமே இல்லாமல் ரப்பர் மாதிரி மெத்தென்று சுற்றினால், ஸ்டட் முறுகுகிறது. உடனே நிறுத்துங்கள்.

அதற்கும் மசியாவிட்டால் நெருப்பு. ஹெரால்டில் பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் அதே பக்கம், மேனிஃபோல்டுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும். அதையும் பெட்ரோல் குழாயையும் கழற்றி, குழாய் முனையை அடைத்து, எண்ணெயைத் துடைத்த பிறகே ப்ளோ லாம்ப்பை (தீயை ஊதும் விளக்கு) தொட வேண்டும். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். சூடு நட்டுக்கு மட்டும். நட்டு விரிந்தால்தான் பிடி விடும். சூட்டோடு மரை ஓரத்தில் மெழுகுவத்தியை வையுங்கள், உருகி உள்ளே இழுத்துக்கொள்ளும். கொஞ்சம் ஆறியதும் திருப்புங்கள். கால் சுற்று வந்தால் அதே அளவு திரும்ப இறுக்கி, மறுபடி எண்ணெய். முன்னும் பின்னுமாகத்தான் வரும்.

எதுவுமே நடக்கவில்லையா? உளியை வைத்து நட்டைப் பிளந்துவிடுங்கள். நட்டு சில்லறைக் காசு, ஸ்டட்தான் வம்பு. மாட்டும்போது பித்தளை நட்டு போடுங்கள், அது இப்படித் துருவோடு ஒட்டாது. மரை இன்ச் கணக்கு என்று கடையில் சொல்லி வாங்குங்கள்.