ஷெவ்ரலே வோல்ட் கார், பேட்டரி கூலண்ட் சென்சார்: கேள்வி பதில்

கேள்வி: என் ஷெவ்ரலே வோல்ட் காரில் பி0சி45 என்ற பழுது கோட் வருகிறது. பேட்டரியைக் குளிர்விக்கும் கூலண்டின் வெப்பநிலை சென்சாரை மாற்றிவிடவா?

பதில்: அவசரப்பட வேண்டாம், முதலில் அளந்து பாருங்கள். சென்சாருக்குள் இருப்பது ஒரு தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற மின்தடை குறையும். கம்ப்யூட்டர் 5 வோல்ட் கொடுத்து, அந்த வயரில் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்துத்தான் சூட்டைக் கணக்கிடுகிறது. வயர் அறுந்தாலோ பின் கழன்றாலோ வோல்டேஜ் ஏறி நின்றுவிடும். ஜூலை வெயிலில் நிற்கிற காரிலும், கோட் படிக்கும் ஸ்கேனர் மைனஸ் 40 டிகிரி காட்டும். அதுதான் 45. பி0சி44 இதற்கு நேர் எதிர்: சிக்னல் எங்கோ எர்த் ஆகிறது, ஸ்கேனரில் சூடு எகிறி நிற்கும்.

கனெக்டரைக் கழற்றி, பின்களில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் வயரிங் பக்கத்து இரண்டு பின்களையும் ஃபியூஸ் வைத்த சிறு வயரால் இணையுங்கள். ஸ்கேனரில் சூடு எகிறினால் வயரிங் சரி, சென்சார்தான் போயிருக்கிறது. அசையவே இல்லையா? வயரைத் தேடுங்கள். 44 என்றால் கனெக்டரைக் கழற்றினாலே போதும்: மைனஸ் 40க்கு இறங்கினால் பழுது சென்சாரில்.

ஆரஞ்சு வயர்கள் பக்கம் கை போகவே கூடாது. அவற்றில் உயிரைப் பறிக்கும் உயர் வோல்டேஜ் இருக்கிறது.

கேள்வி: எனக்கு பி0சி43 கோட் வருகிறது.

பதில்: வயர் அறுந்ததல்ல, அளவு நம்பும்படி இல்லை என்று அர்த்தம். சார்ஜரில் போடாமல் ராத்திரி முழுக்க நிறுத்துங்கள். போட்டிருந்தால் காரே பேட்டரியைச் சூடாக்கியோ குளிரவைத்தோ கணக்கைக் கெடுத்துவிடும். காலையில் பேட்டரிக்குள் உள்ள மற்ற சென்சார்களோடு ஒப்பிடுங்கள்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் டொயோட்டா அக்வா வைத்திருக்கிறேன். பேட்டரி கூலண்ட் எங்கே ஊற்றுவது?

பதில்: உங்கள் பேட்டரிக்குக் காற்றுதான் குளிர்ச்சி. பின்சீட் பக்கத்துக் காற்றுவழியில் தூசி அடைத்திருக்கிறதா பாருங்கள்.

கேள்வி: எனக்கும் 45. சென்சார் வாங்கட்டுமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: எதற்கு இவ்வளவு பாடு? சென்சாருக்குப் பதில் ஒரு ரெசிஸ்டரைச் செருகிவிட்டு, குறைந்த கூலண்டுக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றி நன்றாகவே ஓட்டுகிறேன்.

பதில்: ரெசிஸ்டர் எப்போதும் ஒரே சூட்டைச் சொல்லும். உறைபனியில் சார்ஜ் ஏறினால் லித்தியம் உள்ளே உலோகமாகப் படியும். அந்தச் சேதம் திரும்பாது. குழாய்த் தண்ணீரில் உள்ள உப்புகள் மின்சாரத்தைக் கடத்தும்; அது பேட்டரிக்குள் கசிந்தால் ஷார்ட் ஆகலாம். கூலண்ட் குறைகிறதென்றால் எங்கோ போகிறது, அதைத் தேடுங்கள். 2011ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் பக்கவாட்டு மோதல் சோதனைக்கு உள்ளான வோல்ட் ஒன்று, சுமார் மூன்று வாரம் கழித்து நின்ற இடத்திலேயே எரிந்தது. மோதலில் பேட்டரி அடிபட்டு, கூலண்டும் கசிந்திருந்தது. அதன் பிறகுதான் வோல்ட்டைத் தயாரித்த ஜிஎம் நிறுவனம் கூலண்ட் தொட்டியில் அளவு சென்சார் வைத்தது.

அவரே: அது மோதிய கார். என் கார் மோதவில்லையே?

பதில்: மோதாத காரிலும் கசியும். அதைச் சொல்லத்தான் அந்த அளவு சென்சார். நீங்கள் தண்ணீர் ஊற்றி அதன் வாயை அடைத்துவிட்டீர்கள். சூட்டைச் சொல்வதையும் ரெசிஸ்டர் வைத்து நிறுத்திவிட்டீர்கள். தயவுசெய்து இன்றே ரெசிஸ்டரைக் கழற்றுங்கள். தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டும்வரை சார்ஜ் போடாதீர்கள். ஆரஞ்சு வயரை நீங்களும் தொடாதீர்கள்.

கேள்வி: அப்படியானால் எந்தக் கூலண்ட்?

பதில்: டெக்ஸ்கூல். அயனி நீக்கிய நீரோடு பாதிக்குப் பாதி கலந்தே கடையில் கிடைக்கும்.