சதுப்பில் பாதி மூழ்கிய கார்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். 'அந்நியன்' பார்த்த பள்ளி நாட்களிலிருந்து எனக்கு உளவியல்மேல் தீராத ஆர்வம். தேடித்தேடிப் படம் பார்த்தேன். மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு, தன்னைத் தவிர யாரையும் பொருட்படுத்தாத நார்சிசம், ஒருவரைத் தன் புத்தியையே சந்தேகிக்க வைக்கும் காஸ்லைட்டிங் என்று எனக்குத் தெரிந்த சொற்கள் எல்லாமே படங்கள் வழியாக வந்தவைதான். போன மாதம் நெருங்கிய தோழி ஒருத்தி, கணவரோடு நடந்த சண்டையைச் சொல்லி அழுதாள். "அவர் ஒரு நார்சிசிஸ்ட், இதே மாதிரி ஒரு கேரக்டர் ஒரு படத்தில் வருகிறது" என்று அவளுக்கு விளக்கினேன். அதன்பிறகு அவள் என்னிடம் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. உளவியல் படிக்கும் என் தம்பி, "சினிமா பார்த்து சைக்காலஜி கற்க முடியாது, தப்பாகத்தான் கற்பாய்" என்கிறான். அவன் சொல்வது சரியா? சரியென்றால் நான் இத்தனை வருடம் பார்த்ததெல்லாம் வீணா?

எம்.

அன்புள்ள எம்.,

தோழி அந்தப் பேச்சை எடுப்பதில்லை என்ற வரியை இரண்டு மூன்று முறை படித்தேன். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நோயைக் காட்டும் படங்களைப் பொறுத்தவரை தம்பி சொல்வது பெரும்பாலும் சரி. ஒரே உடம்பில் இரண்டு மூன்று ஆட்கள் இருப்பதுதான் மனச்சிதைவு என்று நம்புகிறவர்கள் இன்றும் நிறையப் பேர். ஸ்கிசோஃப்ரினியா எனப்படும் மனச்சிதைவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 'அந்நியன்' (2005) பேசிய 'மல்டிபிள் பர்சனாலிட்டி' என்ற பெயரையே அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 1994லேயே மாற்றிவிட்டது. 'எ பியூட்டிஃபுல் மைண்ட்' (2001) படத்தில் கணித மேதை ஜான் நாஷுக்கு இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிகிறார்கள். நிஜ நாஷை வதைத்தவை பெரும்பாலும் குரல்கள். 'சந்திரமுகி'யில் கங்காவின் நோய் கிளைமாக்ஸில் ஒரே ராத்திரியில் தீர்ந்துபோகிறது. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மருத்துவரிடம் போய்வரும் ஒருவர் அதைப் பார்க்கும்போது என்ன நினைப்பார் என்று எனக்கு எப்போதும் தோன்றும். தனக்கு மட்டும் ஏன் தீரவில்லை என்றல்லவா நினைப்பார்?

இதுவரை நான் தம்பி கட்சி. ஆனால் சினிமாவில் உளவியல் கற்கவே முடியாது என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். திரையில் இருக்கிற ஆளுக்கு என்ன கோளாறு என்று நீங்கள் தேடியிருக்கிறீர்கள். அவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது உங்களுக்குள் என்ன நடந்தது என்று கவனித்தீர்களா?

ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். அதன் முடிவில் ஒரு மனநல மருத்துவர் வந்து, விடுதி நடத்தும் இளைஞன் நார்மன் ஏன் அப்படி ஆனான், அவன் அம்மா அவனுக்குள் எப்படி வந்தாள் என்று நின்று நிதானமாக விளக்குவார். உளவியல் சொற்கள் வருவது அங்கேதான். படத்திலேயே மனதைப் பற்றி மிகக் குறைவாகச் சொல்லித்தரும் காட்சியும் அதுதான் என்பேன். பாடம் அதற்கு வெகுநேரம் முன்பே, சதுப்பில் நடந்து முடிந்துவிடுகிறது.

அந்த இடத்தை நினைத்துப் பாருங்கள். முதல் காட்சியிலிருந்து நாம் கூடவே வந்த பெண் குளியலறையில் குத்திக் கொல்லப்பட்டுவிட்டாள். நார்மன் ஓடிவந்து பார்க்கிறான், வாயைப் பொத்திக்கொள்கிறான். பிறகு தரையைத் துடைக்கிறான். குளியல் தொட்டியைக் கழுவுகிறான். உடலைச் சுற்றிக் கட்டிக் காரின் டிக்கியில் வைக்கிறான். வசனமே இல்லை, ஒரு ஆள் வேலை செய்வதை நிமிடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கடைசியில் காரைச் சதுப்பில் தள்ளிவிட்டுக் கரையில் நிற்கிறான். எதையோ கொறிக்கிறான். கார் மெல்ல உள்ளே போகிறது. போய்க்கொண்டே இருந்தது சட்டென்று நின்றுவிடுகிறது. கூரை வெளியே தெரிகிறது. நார்மன் மெல்வதை நிறுத்திவிட்டு அக்கம்பக்கம் பார்க்கிறான்.

அந்தச் சில நொடிகளில் உங்கள் மூச்சு என்ன செய்தது?

முதல் முறை பார்த்தபோது என் மனம் 'மூழ்கிவிடு, மூழ்கிவிடு' என்றது. கார் மறுபடி அசைந்து உள்ளே போனதும் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் பிறகு என்னைத் தூங்கவிடவில்லை. டிக்கியில் கிடப்பது பத்து நிமிடம் முன்புவரை நான் யாருக்காகப் பயந்தேனோ அவள். அவளை மறைப்பவன் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று நானே பதறியிருக்கிறேன். ஒருவன் கண் வழியாகச் சிறிது நேரம் பார்த்தாலே போதும், அவன் கையில் இருக்கிற வேலை நம் வேலை ஆகிவிடுகிறது. நியாயம் பிறகுதான் வருகிறது, சில சமயம் வருவதேயில்லை. பரிவைப் பற்றி நான் கற்ற முதல் உருப்படியான பாடம் இது.

படம் பார்ப்பவரின் மனதை ஆராய்வது சினிமாவின் குழந்தைப் பருவத்திலேயே தொடங்கிவிட்டது. ஹார்வர்டில் உளவியல் பேராசிரியராக இருந்த ஹூகோ மன்ஸ்டர்பெர்க் 1916ல், படங்கள் பேசத் தொடங்காத காலத்தில், இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். மனதுக்குள் கவனம் செய்கிற வேலையைத் திரையில் க்ளோசப் செய்கிறது, நினைவு செய்கிற வேலையை ஃபிளாஷ்பேக் செய்கிறது என்றார் அவர்.

எனக்கு மிகவும் பிடித்தது 1944ல் ஃப்ரிட்ஸ் ஹைடர், மேரியான் சிம்மெல் என்ற இரு உளவியலாளர்கள் செய்த ஒரு குட்டிப்படம். இரண்டரை நிமிடம்தான் இருக்கும். ஒரு பெரிய முக்கோணம், ஒரு சின்ன முக்கோணம், ஒரு வட்டம், கதவு மாதிரி திறந்து மூடும் ஒரு பெட்டி. இவை அங்கும் இங்கும் நகரும், வேறொன்றும் இல்லை. பார்த்தவர்களிடம் என்ன நடந்தது என்று எழுதச் சொன்னார்கள். 34 பேரில் ஒரே ஒருவர்தான் வடிவங்கள் நகர்ந்ததை வடிவங்கள் நகர்ந்ததாக எழுதினார். மற்ற எல்லோரும் உயிருள்ளவை போலவே விவரித்தார்கள்.

இதை ஒருமுறை நண்பர்கள் நால்வருக்குப் போட்டுக் காட்டினேன். வட்டம் பெட்டிக்குள் இருக்கும்போதே கதவு மூடிக்கொள்ள, பெரிய முக்கோணம் அதை மூலைக்கு விரட்டும் இடத்தில் அறை அமைதியாகிவிட்டது. "அவன் சந்தேகப் பிராணி" என்றார் ஒருவர். "இல்லை, பொறுப்புள்ள அப்பா, பெண்ணைத் தேடி வந்திருக்கிறார்" என்றார் இன்னொருவர். அரை மணி நேரம் வாதாடினார்கள். மூன்று வடிவங்களை வைத்துக்கொண்டு நால்வரும் சொன்னது அவரவர் வீட்டுக் கதை என்பது எனக்கு மெல்லத்தான் உறைத்தது. நான் வேறொன்றும் சொல்லவில்லை, படத்தை மறுபடி ஓடவிட்டேன்.

இனி உங்கள் தோழிக்கு வருகிறேன். உளவியலாளர்கள் எலிசபெத் லோஃப்டஸும் ஜான் பாமரும் 1974ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. அதுவும் படம் காட்டித்தான் செய்தது. கார்கள் மோதிக்கொள்ளும் சின்னப் படம். ஒரு குழுவிடம் 'கார்கள் இடித்தபோது என்ன வேகம்?' என்று கேட்டார்கள். இன்னொரு குழுவிடம் 'நொறுங்க மோதியபோது என்ன வேகம்?' என்றார்கள். இரண்டாவது சொல்லைக் கேட்டவர்கள் வேகத்தைக் கூட்டிச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து இரு குழுவிடமும், உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். 'இடித்த' குழுவில் 50 பேரில் 7 பேர் பார்த்தேன் என்றார்கள். 'நொறுங்க மோதிய' குழுவில் 50 பேரில் 16 பேர். படத்தில் கண்ணாடி எதுவும் உடையவில்லை.

நீங்கள் தோழியிடம் கொடுத்த சொல் அவ்வளவு கனமானது. அந்தச் சண்டையை அவள் இன்னும் மனதில் அடுக்கிக்கூட முடிக்கவில்லை. அதற்குள் நீங்கள் தலைப்பு வைத்துவிட்டீர்கள். அதை எடுத்துக்கொண்டால் இனி நினைக்கும்போதெல்லாம் அவளுக்குக் கண்ணாடி உடையும். அதனால்தான் அவள் ஒதுங்கினாளா என்று எனக்குத் தெரியாது. நானாக இருந்தால் ஒதுங்கியிருப்பேன். உங்கள் அக்கறையில் எனக்குச் சந்தேகமில்லை, அக்கறை இல்லாதவர் இப்படி ஒரு கடிதம் எழுத மாட்டார்.

நீங்கள் பார்த்தது எதுவும் வீணில்லை. காஸ்லைட்டிங் என்ற சொல்லே 1938ல் வந்த ஒரு நாடகத்திலிருந்தும் அதைப் படமாக்கிய 'காஸ்லைட்'டிலிருந்தும் வந்ததுதான். இங்க்ரிட் பெர்க்மன் நடித்த 1944ஆம் வருடப் படத்தை மறுபடி ஒருமுறை பாருங்கள். கணவன் வெளியே போன பிறகு அறையில் கேஸ் விளக்கு மங்குகிறது. எல்லாம் உன் கற்பனை, உனக்கு ஞாபக மறதி என்று அவன் அவளை நம்பவைத்துவிட்டான், அவளும் கிட்டத்தட்ட நம்பிவிட்டாள். நாம் மட்டும் விளக்கு மங்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம், சொல்ல முடியாமல் தவிக்கிறோம். பிறகு ஒரு துப்பறிவாளர் அந்த அறையில் அவளோடு இருக்கும்போது விளக்கு மங்குகிறது. அவர் கண்ணிலும் அது படுகிறது. அவரும் பார்த்துவிட்டார் என்று தெரிகிற கணத்தில் பெர்க்மனின் முகத்தைக் கவனியுங்கள். கணவனுக்கு என்ன மனக்கோளாறு என்று அந்த நேரத்தில் அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

பார்த்துவிட்டுத் தோழியைக் கூப்பிடுங்கள். படத்தைப் பற்றிப் பேச வேண்டாம். அன்று என்ன நடந்தது என்று கேளுங்கள், அவள் சொல்லி முடிக்கும்வரை.

அன்புடன்.