கண் திறந்திருந்தால் போதுமா?

கேள்வி: என் கணவருக்குச் சென்னையில் வேலை. மாதம் ஒருமுறை வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்து வந்து, இரவு பத்து மணிக்குத் திருநெல்வேலிக்குக் கார் எடுப்பார். போன முறை சமயபுரம் பக்கம் போகும்போது, "பெரம்பலூர் எப்போ வந்துச்சு?" என்று என்னைக் கேட்டார். தாண்டி அரை மணி நேரம் ஆகியிருந்தது. கேட்டால், "தூங்கலை, அசதிதான், கண்ணைத் திறந்துதானே ஓட்டுறேன்" என்கிறார். நான் முன்சீட்டில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு விடிய விடியப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வருகிறேன். இது போதுமா?
— ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: போதாது, சகோதரி. அவர் உங்களிடம் பொய் சொல்லவில்லை. கண் திறந்தே இருந்திருக்கும். ஆனால் தூக்கத்துக்கு ஏங்கும் மூளை, கண் திறந்திருக்கும்போதே இரண்டு மூன்று நொடி அணைந்து எரியும். அணைந்தது அவருக்கே தெரியாது. 90 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 25 மீட்டர் ஓடும் வண்டி. நான்கு நொடி என்றால் 100 மீட்டர், ஓட்டுநர் இல்லாமலேயே. பழகிய வழியில் ஓர் ஊரைக் கவனிக்காமல் கடப்பது பகலிலும் நடக்கும்தான். ராத்திரி மூன்று மணிக்கு நடந்தால் நான் அதை அப்படி விட்டுவிட மாட்டேன்.

ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். வெள்ளி காலை ஆறு மணிக்கு எழுந்தவருக்கு, இரவு பதினொன்றுக்கு மதுராந்தகம் தாண்டும்போது விழித்து 17 மணி நேரம் ஆகிவிடுகிறது. அவ்வளவு நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் உள்ளவருடையதைப் போல மங்கிவிடுவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் சட்டத்தில் 30-ஐத் தாண்டினாலே குற்றம். குடித்தவரையாவது வாடை காட்டிக்கொடுக்கும். தூக்கத்தைப் பிடிக்க ஊதும் கருவி கிடையாது. போதாக்குறைக்கு, "நான் சரியாகத்தான் இருக்கிறேனா" என்று எடைபோட வேண்டிய மூளையே களைத்துப்போய்க் கிடக்கிறது. அதனால் நடுவழியில் அவரைக் கேட்டுப் பயனில்லை.

இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை உடம்பின் கடிகாரமே தூங்கச் சொல்லும் நேரம். வளைவும் பள்ளமும் இல்லாத நாற்கரச் சாலை வேறு தாலாட்டுகிறது. பழைய ரோட்டில் குண்டும் குழியுமாவது நம்மை எழுப்பிவிடும்!

கண்ணாடியை இறக்குவது, பாட்டைச் சத்தமாக வைப்பது, முகம் கழுவுவது எல்லாம் சில நிமிடங்களுக்குத்தான் தாங்கும். நெடுஞ்சாலையில் போலீஸ்காரர்கள் வண்டியை நிறுத்தி முகம் கழுவச் சொல்வதை நீங்களும் பார்த்திருக்கலாம். அதில் தண்ணீரைவிட, வண்டி நின்றதுதான் நல்லது என்பேன். காபி உதவும், ஆனால் வேலை செய்ய அரை மணி நேரம் எடுக்கும். அதனால் வெளிச்சமான ஓர் இடத்தில் நிறுத்தி, காபியைக் குடித்த கையோடு சீட்டைச் சாய்த்து இருபது நிமிடம் தூங்கட்டும். எழுந்ததும் சாவியைத் திருகாமல், பத்து நிமிடம் நடக்கட்டும். ஆனால் இது பக்கத்து ஊரில் ஒரு லாட்ஜ் வரை போய்ச் சேர உதவும். திருநெல்வேலி வரை இழுக்காது.

உங்கள் பேச்சுக்கு வருகிறேன். நீங்களும் காலையிலிருந்து விழித்திருப்பவர்தானே? பாதி வழியில் நீங்கள் கேட்பதும் அவர் "ம்" என்பதும் பழக்கத்தில் வருவது. "ம்" சொல்ல மூளை முழுதாக விழித்திருக்க வேண்டியதில்லை.

புதன்கிழமை சாப்பிடும்போது பேச்சை எடுங்கள், காரில் வேண்டாம். சம்பளத்துக்கு வண்டி ஓட்டுகிறவருக்கே சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலைதான் என்கிறது; இவர் ஆபீஸில் ஒரு ஷிப்ட் முடித்துவிட்டு ரோட்டில் இன்னொன்று பார்க்கிறார். வெள்ளி ஒன்பதரைக்குப் படுத்து, சனி ஐந்து மணிக்குக் கிளம்பினால் அரைநாள் போகும், அவ்வளவுதான். ரயிலில் இடம் கிடைத்தால் அதுவும் போகாது. லைசென்ஸ் இருந்தால் நீங்களும் மாற்றி ஓட்டலாம், நீங்கள் தூங்கியிருந்தால் மட்டும்.

அப்புறம், அவர் சத்தமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறுகிறாரா என்று கவனியுங்கள். அப்படியென்றால் எட்டு மணி நேரம் படுத்தாலும் தூக்கம் போதாது. டாக்டரைப் பார்க்க வேண்டும். சளிக்குப் போடும் மாத்திரைகள் சிலவும் தூக்கம் வரவழைக்கும், பயணத்துக்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: குழந்தையை முன்சீட்டில் மடியில் வைக்காதீர்கள். சடன் பிரேக் போட்டால் உங்கள் கைகளால் பிடித்து நிறுத்த முடியாது. ஏர்பேக் விரிந்தால் அதுவே குழந்தையை அடிக்கும். பின்சீட்டில், குழந்தைகளுக்கான சீட்டில் பெல்ட் போட்டு உட்கார வையுங்கள். இரண்டு நாள் அழும், அப்புறம் பழகிவிடும்.