மூன்று மணிச் சொக்கலுக்கு எதைக் கொறிப்பது?

கேள்வி: எனக்கு வயது 39. காலை நாலரைக்கு எழுந்து, ஐந்தரைக்குக் காரை எடுத்தால் ஏழு மணிக்கு அலுவலகம். மதியம் மூன்று மணிக்கு வேலை முடிந்து, திரும்பவும் ஒன்றரை மணி நேரம் நானேதான் ஓட்டி வருகிறேன். பாதி வழியில் கண்ணைக் கட்டிக்கொண்டு வரும். அதற்காகவே க்ரீம் பிஸ்கட் பாக்கெட்டும் குளிர்பானமும் பக்கத்து இருக்கையில் வைத்திருப்பேன், கொறித்துக்கொண்டே ஓட்டுவேன். ‘மாவுச்சத்து இல்லாததாகப் பார்த்துக் கொறி, தூக்கமே வராது’ என்கிறாள் என் தோழி. உண்மையா? என்னென்ன எடுத்துப் போகலாம்? எனக்குச் சர்க்கரை நோய் இல்லை. இரவு வீட்டு வேலை முடிந்து படுக்கப் பதினொன்று ஆகிவிடும். போன வாரம் சாலையோரக் கோட்டின் மேல் சக்கரம் ஏறி வண்டி அதிர்ந்தபோதுதான் திடுக்கிட்டு விழித்தேன். அதிலிருந்து கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் தோழி சொன்னதில் பாதி உண்மை. பிஸ்கட்டையும் குளிர்பானத்தையும் விட்டுவிட்டு முட்டை, கடலை, பாதாம் என்று மாறினால் இப்போது படுகிற அவஸ்தையில் ஒரு பங்கு குறையும். ஆனால் தூக்கமே வராமல் செய்கிற தின்பண்டம் என்று ஒன்று கிடையாது. கடிதத்தின் கடைசி வரிகளைப் படித்த பிறகு தீனியைப் பற்றி மட்டும் எழுதி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஒன்றே ஒன்று: நாளைக்கே கண் சொக்கினாலும், எதையும் வாயில் போட்டுச் சமாளிக்கப் பார்க்காமல் வண்டியைப் பத்திரமான இடத்தில் ஓரங்கட்டி நிறுத்துங்கள்.

முதலில் அந்தப் பிஸ்கட் பாக்கெட். நான்கைந்து க்ரீம் பிஸ்கட்டில் சுமார் 30 கிராம் மாவுச்சத்து இருக்கும். 330 மில்லி குளிர்பானத்தில் 35 கிராம் போலச் சர்க்கரை. இரண்டும் சேர்ந்து ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும். அதை இறக்க உடல் இன்சுலினைச் சுரக்கும். சர்க்கரை உள்ளே போனதும் தெம்பு வரும் என்றுதான் நாம் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறோம். 2019இல் 31 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். அப்படி ஒரு உற்சாகம் வருவதற்கான தடயமே கிடைக்கவில்லை. சாப்பிட்ட அரை மணிக்குள் அசதி கூடியிருந்தது, ஒரு மணி நேரத்துக்குள் விழிப்பு குறைந்திருந்தது.

உங்களை நேரில் பார்த்துச் செய்தது போலவே ஒரு சோதனை உண்டு. இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் நடந்தது, 2006இல் வெளியானது. முந்தைய இரவு ஐந்து மணி நேரம் மட்டுமே தூங்கியவர்களுக்கு லேசான மதிய உணவு கொடுத்து, அதன் பின் 42 கிராம் சர்க்கரையும் 30 மில்லிகிராம் காஃபீனும் உள்ள பானத்தைக் குடிக்க வைத்தார்கள். இன்னொரு நாள் அதே ருசியில், சர்க்கரையும் காஃபீனும் இல்லாத பானம். முதல் அரை மணியில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு மணி நேரம் தாண்டியதும், சர்க்கரைப் பானம் குடித்த நாளில்தான் கவனம் அதிகம் தவறியது, கை மெதுவாக வேலை செய்தது. பத்துப் பேரை வைத்துச் செய்த சிறிய சோதனைதான். ஆனாலும் குறைந்த தூக்கம், மதிய நேரம், இனிப்புப் பானம் என்று உங்கள் பயணத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது பாருங்கள்.

இதற்கு மூளைக்குள்ளும் ஒரு காரணம் இருக்கலாம். நம்மை விழித்திருக்கச் செய்வதில் ஒரெக்சின் என்ற ரசாயனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதைச் சுரக்கும் நரம்பணுக்கள் அழிந்துபோனவர்களுக்கு உட்கார்ந்த இடத்திலேயே தூக்கம் தாக்கும் நார்கோலெப்சி என்ற நோய் வருகிறது. எலி மூளையில் பார்த்தபோது, குளூக்கோஸ் கூடினால் இந்த அணுக்கள் அடங்குகின்றன; புரதத்திலிருந்து வரும் சில அமினோ அமிலங்கள் அவற்றைத் தூண்டுகின்றன. எலியில் பார்த்ததை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிட முடியாது. ஆனாலும் மாவும் சர்க்கரையும் சொக்க வைக்கும், புரதம் அவ்வளவு சொக்க வைக்காது என்கிற நம் அனுபவத்தோடு இது ஒத்துத்தான் போகிறது.

ஆக, புரதமும் நல்ல கொழுப்பும் உள்ள தீனியால் நீங்கள் பெறும் லாபம் இவ்வளவுதான்: பசி அடங்கும், ஏற்கெனவே இருக்கிற தூக்கத்தோடு சர்க்கரையின் மந்தம் சேராது. இருக்கிற தூக்கம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

சரி, டப்பாவில் எதை வைப்பது? எனக்குப் பிடித்தது வறுத்த வேர்க்கடலையும் பாதாமும். ஒரு சின்னக் கைப்பிடி, அதாவது 28 கிராம் வேர்க்கடலையில் 7 கிராம் புரதம் கிடைக்கும். மாவுச்சத்து 5, 6 கிராம்தான். அதே அளவு பாதாம் என்றால் எண்ணிக்கையில் 23 பருப்பு. 6 கிராம் புரதம், 6 கிராம் மாவுச்சத்து, அதிலும் பாதிக்கு மேல் நார்ச்சத்து. முந்திரியில் மாவுச்சத்து கொஞ்சம் கூடுதல், எட்டு ஒன்பது கிராம் வரும். இந்தக் கொட்டைப் பருப்புகளில் மாவுச்சத்து குறைவே தவிர கலோரி குறைவில்லை. அந்த ஒரு கைப்பிடி பாதாமிலேயே 160 கலோரிக்கு மேல் இருக்கிறது. பொட்டலத்தோடு எடுத்துப் போனால் பாதி வழியில் பொட்டலம் காலியாகிவிடும். வீட்டிலேயே அளந்து சின்ன டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். தேன் பூசியது, சர்க்கரைப் பாகில் புரட்டியது வேண்டாம்.

வேகவைத்த முட்டை அருமையான தீனி. ஒன்றில் 6 கிராம் புரதம், மாவுச்சத்து ஒரு கிராம்கூட இல்லை. ஆனால் உங்கள் நேரத்துக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. வெந்த முட்டையை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது; 32 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தால் ஒரு மணி நேரம்தான். காலை ஐந்தரைக்குக் காரில் வைத்ததை மதியம் மூன்று மணிக்குச் சாப்பிடுவது வயிற்றுக்கு வம்பு. அலுவலகத்தில் ஃப்ரிட்ஜ் இருந்தால் போனதும் அதில் வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் முட்டை காலைக்கு, பருப்பு மாலைக்கு என்று பிரித்துக்கொள்ளலாம். சீஸுக்கும் இதே கதைதான். 30 கிராமில் 7 கிராம் புரதம் உண்டு, ஆனால் உப்பு இருப்பதால் தாகம் எடுக்கும். கூடவே நான்கு துண்டு வெள்ளரிக்காய் வைத்துக்கொண்டால் நல்லது. அதில் 95 சதவீதம் தண்ணீர், கடிக்கும்போது மொறுமொறுவென்றும் இருக்கும். சர்க்கரை இல்லாத கெட்டித் தயிரும் சாப்பிடலாம், அலுவலக மேஜையில் உட்கார்ந்து.

புரத பார் என்று விற்பதை வாங்குகிறீர்கள் என்றால் உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். ‘சர்க்கரை சேர்க்கவில்லை’ என்று முன்பக்கம் பெரிதாக இருக்கும். பின்னால் மால்டோடெக்ஸ்ட்ரின் இருக்கும், அது குளூக்கோஸைப் போலவே ரத்தச் சர்க்கரையை ஏற்றும். மால்டிட்டால் என்ற இனிப்பூட்டி சிலருக்கு வயிற்றைக் கலக்கிவிடும். நெடுஞ்சாலையில் அது தேவையா?

எதைச் சாப்பிடுகிறீர்கள் என்பதைவிட எப்போது என்பது முக்கியம். கண் சொக்கிய பிறகு கடலையைத் தேடினால் பயனில்லை. அலுவலகத்தை விட்டுக் கிளம்புவதற்குப் பதினைந்து நிமிடம் முன்னால், நாற்காலியில் உட்கார்ந்து, மென்று தின்று, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுச் சாவியை எடுங்கள். ஓட்டிக்கொண்டே கொறிக்கும் பழக்கத்தை இன்றோடு விடச் சொல்லிக் கெஞ்சிக் கேட்கிறேன். மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு விநாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. மடியில் விழுந்த ஒரு பாதாமைத் தேடக் குனிகிற நேரத்தில் எத்தனை மீட்டர் போய்விடும்! பருப்பு தொண்டையில் புரையேறினால் அப்போது ஸ்டியரிங்கைப் பிடிக்க ஆள் இல்லை. வழியில் வாய்க்கு ஏதாவது வேண்டும் என்று இருந்தால் சர்க்கரையில்லாத சூயிங்கம் போதும். மெல்லுவதே கொஞ்ச நேரத்துக்கு விழிப்பு தரும்.

மதியச் சாப்பாட்டையும் கவனியுங்கள். வயிறு முட்ட மாவுச்சத்தைச் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குப் பத்துப் பாதாம் தின்பதில் அர்த்தமில்லை. காய்கறியும் புரதமும் கூடுதலாக, மாவு வகை பாதியாக என்று மாற்றிப் பாருங்கள். ஒரேயடியாக எல்லா மாவுச்சத்தையும் நிறுத்திவிடாதீர்கள். அப்படி நிறுத்தினால் முதல் சில நாட்கள் உடம்பிலிருந்து தண்ணீரும் உப்பும் அதிகம் வெளியேறி, தலைவலியும் தளர்ச்சியும் வருவதுண்டு. தினமும் மூன்று மணி நேரம் வண்டி ஓட்டுகிறவர் அதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

இனி அந்தக் கோட்டுக்கு வருகிறேன். ‘திடுக்கிட்டு விழித்தேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். விழித்தீர்கள் என்றால் அதற்கு முன் தூங்கியிருக்கிறீர்கள். சில விநாடிகளே நீடிக்கும் இந்தக் குறுந்தூக்கம் வருவது நமக்கே தெரியாது. கண் திறந்திருக்கும்போதுகூட வரும். நான்கு விநாடி என்று வைத்துக்கொண்டாலும், உங்கள் கார் ஏறக்குறைய 90 மீட்டர் தானாகப் போயிருக்கிறது. இது பசியால் வந்ததில்லை. பதினொன்றுக்குப் படுத்து நாலரைக்கு எழுந்தால் படுக்கையில் இருப்பதே ஐந்தரை மணி நேரம். பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும். பற்றாததற்கு, நீங்கள் ஓட்டுகிற இரண்டு வேளையும் உடல் கடிகாரம் சாய்கிற வேளை. பின்னிரவு இரண்டிலிருந்து காலை ஆறு வரை ஒரு சரிவு, மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை ஒரு சரிவு. மதியச் சரிவு, பட்டினி கிடந்தாலும் வரும்.

‘எனக்கு ஐந்தரை மணி நேரம் பழகிவிட்டது’ என்று சொல்ல வருவீர்கள். 2003இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு வாரம் தினமும் ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களின் கவனம், ஓரிரண்டு இரவு கண்ணே மூடாதவர்களின் அளவுக்கு இறங்கியிருந்தது. அவர்களைக் கேட்டால், கொஞ்சம்தான் தூக்கமாக இருக்கிறது என்றார்களாம். பழகிப்போவது அந்த உணர்ச்சி மட்டும்தான். கவனம் இறங்கிக்கொண்டே போகும். தூக்கம் குறைந்தால் இனிப்பின் மேல் ஆசை கூடும் என்பதும் தெரிந்ததுதான். உங்கள் பிஸ்கட் பாக்கெட்டுக்குப் பாதிப் பொறுப்பு உங்கள் இரவுகளுடையது.

வழியில் சொக்கும் நாளில் செய்ய வேண்டியது இது. பத்திரமான இடத்தில் நிறுத்தி, இனிப்பில்லாத காபி குடியுங்கள். சாதாரண அளவில் இரண்டு கப் போதும். 150, 200 மில்லிகிராம் காஃபீன் கிடைக்கும். குடித்த கையோடு அலாரம் வைத்து, கதவைப் பூட்டிக்கொண்டு, பதினைந்து நிமிடம் கோழித்தூக்கம் போடுங்கள். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் சேரும் அடினோசின்தான் நம்மைச் சொக்க வைக்கிறது. காஃபீன் அதன் இடத்தை மறித்துக்கொள்ளும். அதற்கு இருபது முப்பது நிமிடம் பிடிக்கும், அந்த இடைவெளியைத் தூக்கம் நிரப்பும். இருபது நிமிடத்தைத் தாண்டவிட்டால் ஆழ்ந்த தூக்கத்தில் இறங்கி, எழும்போது தலை கனக்கும். இந்த முறையையும் லஃப்பரோ ஆய்வாளர்கள் 1990களிலேயே சோதித்து, பலன் இருப்பதைக் கண்டார்கள். கண்ணாடியை இறக்கிவிடுவது, பாட்டைச் சத்தமாக வைப்பது இரண்டையும் சோதித்தார்கள். பலன் சொற்பம், அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான்.

ஆனால் இதைத் தினசரி வழக்கமாக்கிவிடாதீர்கள். மாலை குடித்த காஃபீனில் பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் ரத்தத்தில் இருக்கும். இரவுத் தூக்கத்தை அது இன்னும் தள்ளிப்போடும். ஒன்பதரைக்குப் படுக்க என்ன செய்யலாம் என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். பதினொன்று வரை நீளும் அந்த வீட்டு வேலையை ஏன் நீங்கள் ஒருவரே செய்ய வேண்டும்? கோட்டின் மேல் சக்கரம் ஏறியதை வீட்டில் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். இன்றே சொல்லுங்கள். தூக்கக் கடன் தீரும்வரை இரண்டு வாரமாவது ரயிலோ பேருந்தோ, உடன் வேலை செய்பவரின் வண்டியோ பாருங்கள்.

இதைப் படிக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு வார்த்தை. இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தக்கூடிய சல்ஃபோனில்யூரியா வகை மாத்திரையோ எடுப்பவர்கள் மாவுச்சத்தைத் தாங்களாகக் குறைத்துவிட்டு வண்டி எடுக்கக் கூடாது. கிளம்புமுன் ரத்தச் சர்க்கரையைச் சோதித்து, 90 மி.கி./டெ.லி.க்குக் கீழே இருந்தால் மாவுச்சத்துள்ள ஏதாவது சாப்பிட்டு அது ஏறிய பிறகே புறப்பட வேண்டும். 15, 20 கிராம் குளூக்கோஸ் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் ‘ஃப்ளோசின்’ என்று முடியும் மாத்திரைகள் சாப்பிடுபவர்கள் மாவுச்சத்தைக் கடுமையாகக் குறைத்தால் ரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து உண்டு. டாக்டரைக் கேட்காமல் உணவை மாற்றாதீர்கள்.

சகோதரி, மூன்று வாரம் ஏழு மணி நேரம் தூங்கியும் மதியம் சொக்குகிறது என்றால் டாக்டரிடம் போக வேண்டும். குறட்டை, காலையில் தலைவலி இருந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்று பார்க்க வேண்டும். ரத்தசோகை, தைராய்டு இரண்டையும் சோதிப்பது நல்லது. சளி, அலர்ஜிக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள், அவற்றில் சில நன்றாகத் தூக்கம் வரவழைக்கும். போகும்போது ‘களைப்பாக இருக்கிறது’ என்று பொதுவாகச் சொல்லாதீர்கள், சத்து மாத்திரையோடு திரும்பி வரவேண்டியிருக்கும். ‘வண்டி ஓட்டும்போது தூங்கிவிட்டேன்’ என்று அதே வார்த்தைகளில் சொல்லுங்கள்.