சிங்கப்பூரில் பிள்ளைக்கு எந்தப் பள்ளி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பதினைந்து வருடமாகச் சிங்கப்பூரில் இருக்கிறேன். புதிதாக வரும் குடும்பங்களுக்குப் பள்ளி தேடிக் கொடுப்பதே பாதி வேலையாகிவிட்டது. யார் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பிள்ளை பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையை எந்த ஊரில் எழுதப் போகிறது? அதற்குப் பதில் இருந்தால் பள்ளியைக் கண்டுபிடிப்பது சுலபம்.

கணவருக்கு இரண்டு வருட ஒப்பந்தத்தில் வேலை. மகள் சிபிஎஸ்இ 4-ம் வகுப்பு முடிக்கிறாள். உள்ளூர் அரசுப் பள்ளியில் செலவு குறைவு என்கிறார்களே? (கோவை வாசகி)

இரண்டே வருடம் என்றால் வேண்டாம். அரசுப் பள்ளிக்கு நுழைவுத் தேர்வு உண்டு, அதில் தேறினாலும் கல்வியாண்டு ஜனவரியில்தான் தொடங்கும். அவள் அந்த முறைக்குப் பழகி முடிப்பதற்குள் நீங்கள் பெட்டி கட்ட வேண்டியிருக்கும். குளோபல் இந்தியன், டிபிஎஸ், என்பிஎஸ் போன்ற இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே சிபிஎஸ்இ வகுப்புகள் ஏப்ரலில் தொடங்கும். திரும்பிப் போகும்போது விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஐபி (இன்டர்நேஷனல் பக்கலோரியேட் என்ற பன்னாட்டுப் பாடத்திட்டம்) நடத்தும் பெரிய பள்ளிகளிலும் அமெரிக்கப் பள்ளிகளிலும் ஆண்டுக்கு 40,000 வெள்ளிக்கு மேல் போகும் (இங்கே டாலரை வெள்ளி என்போம்). இந்தியப் பள்ளிகளில் அதைவிட வெகு குறைவு.

பள்ளிக் கட்டணத்தைக் கம்பெனி கொடுக்குமா என்று வேலைக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடுங்கள். கொடுத்தால் அந்தத் தொகை உங்கள் வருமானத்தில் சேர்ந்து வரிக்கு வரும். இன்னொன்று, கணவரின் மாதச் சம்பளம் 6,000 வெள்ளியாவது இருந்தால்தான் உங்களுக்கும் மகளுக்கும் சார்ந்தோர் அனுமதி, அதாவது டிபி, கிடைக்கும்.

வீட்டை அப்புறம் பாருங்கள், முதலில் பள்ளி. குளோபல் இந்தியன் பள்ளியின் பெரிய வளாகம் பொங்கோலில் இருக்கிறது. லிட்டில் இந்தியா, சிராங்கூன், பொங்கோல் எல்லாம் ஒரே ஊதா நிற ரயில் பாதை. கறிவேப்பிலையும் பள்ளியும் ஒரே பாதையில் அமைவது சின்ன விஷயமில்லை.

நாங்கள் நிரந்தரமாகவே வருகிறோம். மகனுக்கு 9 வயது. அரசுப் பள்ளிதான் வேண்டும். எப்படிச் சேர்ப்பது? (மதுரை வாசகர்)

ஏஇஐஎஸ் என்ற சேர்க்கைத் தேர்வு எழுத வேண்டும். தொடக்கநிலை 2 முதல் 5 வரை, உயர்நிலை 1 முதல் 3 வரை சேர வரும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கான தேர்வு இது. செப்டம்பர், அக்டோபர் வாக்கில் நடக்கும். தேறினால் அடுத்த ஜனவரியில் இடம். வகுப்பை வயதை வைத்து முடிவு செய்வார்கள். அடுத்த வருடம் உங்கள் மகனுக்கு 10 ஆகும் என்றால் தொடக்கநிலை 4.

பள்ளியை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. காலியிடம் இருக்கும் பள்ளியைக் கல்வி அமைச்சே ஒதுக்கும். இடமே இல்லை என்ற பதிலும் வரலாம். அதனால் கையில் இரண்டாவது திட்டம் இல்லாமல் விமானம் ஏறாதீர்கள்.

ஆங்கிலம், கணிதம் இரண்டும்தான் பார்ப்பார்கள். நம் பிள்ளைகள் கணக்கில் புலி என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், சறுக்குவதும் பெரும்பாலும் அங்கேதான். சென்னையிலிருந்து வந்த ஒரு பையனுக்கு நான் கொடுத்த கணக்கு இது: ‘ரவியிடம் அலியைப் போல மூன்று மடங்கு கோலி. ரவி 20 கோலியை அலிக்குக் கொடுத்தால் இருவரிடமும் சமம். அலியிடம் முதலில் எத்தனை?’ அவன் வேகமாக ஒரு எக்ஸ் போட்டு ஆரம்பித்தான், பாதியில் நின்றுவிட்டான். இங்கே தொடக்கநிலையில் கட்டம் வரைவார்கள். அலிக்கு ஒரு கட்டம், ரவிக்கு மூன்று. சமமாக வேண்டுமென்றால் ரவியின் ஒரு கட்டம் அலி பக்கம் போக வேண்டும். அப்படியானால் ஒரு கட்டம்தான் அந்த 20. பையன் ‘இவ்ளோதானா!’ என்றான். இந்தப் பழக்கம் வர ஆறு மாதமாவது வேண்டும், இன்றைக்கே ஆரம்பியுங்கள்.

கட்டணம் குடிமக்களுக்குப் பெயரளவில்தான். நிரந்தரவாசிகளுக்கு அதைவிட அதிகம், ஆசியான் நாட்டினருக்கு இன்னும் அதிகம். நம்மைப் போன்ற மற்றவர்களுக்குத்தான் உச்சக் கட்டணம், அதுவும் ஏறிக்கொண்டே இருக்கிறது.

பெங்களூரில் வளர்ந்ததால் மகளுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. அரசுப் பள்ளியில் தமிழ் கட்டாயமா? (ஓசூர் வாசகி)

தாய்மொழிப் பாடம் உண்டு, தொடக்கநிலை 6 முடிவில் வரும் பிஎஸ்எல்இ தேர்விலும் அதற்கு மதிப்பெண் உண்டு. தமிழுக்குப் பதில் இந்தி, வங்காளி, குஜராத்தி, பஞ்சாபி, உருது எடுக்கவும் வழியிருக்கிறது. தாமதமாக வந்து சேரும் பிள்ளைக்கு விலக்கும் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் பேச வருகிறது என்கிறீர்களே, தமிழையே எடுங்கள். வாய்மொழித் தேர்வில் ஒரு காணொளியைக் காட்டி அதைப் பற்றிப் பேசச் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த ஒரு அம்மா ‘நான் அங்கு சென்றிருந்தபோது’ என்றெல்லாம் எழுத்துத் தமிழில் மகளை மனப்பாடம் செய்ய வைத்திருந்தார். ஆசிரியை சிரித்துக்கொண்டே, ‘வீட்டுல பேசுற மாதிரியே பேசும்மா’ என்றாராம். இங்கே வகுப்பில் பேச்சுத் தமிழுக்கு மரியாதை உண்டு. எழுத்துக்கு மட்டும் தினம் அரை மணி நேரம் உட்காருங்கள்.

மகன் சமச்சீரில் 9-ம் வகுப்பு முடிக்கிறான். இப்போதே அழைத்து வரலாமா? (தஞ்சை வாசகர்)

பாட்டி வீட்டில் விட்டுப் பத்தாவதை முடிக்கட்டும். சிபிஎஸ்இ-யில் 9-லேயே பதிவு செய்துவிடுவார்கள், வேறு பாடத்திட்டத்திலிருந்து நேராக 10-ல் நுழைவது பெரும்பாடு. 11-க்கு வாருங்கள்.

பெண்ணை ஐபி பள்ளியில் சேர்த்தோம். இப்போது மருத்துவம், அதுவும் தமிழ்நாட்டில் படிக்க வேண்டும் என்கிறாள். (சிங்கப்பூர் வாசகர்)

ஐபி நல்ல படிப்பு. ஆனால் நீட்டுக்குக் குறுக்கே நிற்கும் படிப்பும் அதுதான். நீட்டுக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும். ஐபி டிப்ளமோவில் ஆறு பாடங்கள்: இரண்டு மொழி, ஒரு சமூக அறிவியல், ஒரு கணிதம், ஒரு அறிவியல், ஒரு கலை. கலைக்குப் பதில் இரண்டாவது அறிவியல் எடுக்கலாம். மூன்றாவது வேண்டுமென்றால் ஐபி அமைப்பிடம் தனி அனுமதி வாங்க வேண்டும், அதுவும் பள்ளி மனது வைத்தால்தான். பொறியியலுக்கு இந்தச் சிக்கல் இல்லை, கணிதம் எப்படியும் இருக்கிறது.

அடுத்து தேதி. ஐபி இறுதித் தேர்வு ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே மூன்றாம் வாரம் வரை ஓடும். நீட் மே முதல் ஞாயிறு வாக்கில் வரும். நீட்டுக்குச் சிங்கப்பூரிலேயே மையம் போட்டிருக்கிறார்கள், பயணம் மிச்சம்தான். ஆனாலும் வெள்ளிக்கிழமை ஐபி, ஞாயிற்றுக்கிழமை நீட், திங்கள்கிழமை மறுபடி ஐபி என்றால் எந்தப் பிள்ளை தாங்கும்? அவள் இன்னும் 10-ஐத் தாண்டவில்லை என்றால் 11-க்கு சிபிஎஸ்இ மாற்றிவிடுங்கள் என்பதே என் கருத்து. தமிழ்நாட்டுக்கு வெளியே படித்தவர்களிடம் கவுன்சிலிங்கில் நேட்டிவிட்டி சான்றிதழ் கேட்பார்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது தாலுகா ஆபீசில் விசாரித்துவிட்டு வாருங்கள்.

நிரந்தரவாசம் வாங்கினால் பள்ளிக் கட்டணம் குறையுமே, மகனுக்கும் சேர்த்து வாங்கிவிடலாமா? (திருச்சி வாசகர்)

குறையும். ஆனால் பெற்றோர் வழியாக நிரந்தரவாசியாகும் மகன் பதினெட்டு வயது வாக்கில் இரண்டு வருடம் முழுநேர தேசிய சேவை, அதாவது ராணுவம், காவல்துறை போன்றவற்றில் கட்டாயப் பணி, செய்ய வேண்டும். செய்யாமல் நழுவினால் பிற்காலத்தில் அவன் இங்கே படிக்கவோ வேலை பார்க்கவோ வருவதற்கே அது தடையாகும். கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பையனுக்கு விவரம் தெரியும் வயது என்றால் அவனிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கடைசி நேரத்தில் எல்லோரும் மறப்பது எது? (சேலம் வாசகி)

தடுப்பூசி அட்டை. வெளிநாட்டில் பிறந்த, 12 வயது வரையிலான பிள்ளைக்கு நீண்டகால அனுமதி கேட்கும்போது தொண்டை அடைப்பான், தட்டம்மை இரண்டுக்கும் ஊசி போட்டதற்குச் சான்று காட்ட வேண்டும். நம் ஊர் அட்டையில் ‘பென்டா’ என்றும் ‘எம்ஆர்’ என்றும் கிறுக்கியிருக்கும். அந்தப் பென்டாவுக்குள்தான் தொண்டை அடைப்பான் ஊசியும், எம்ஆருக்குள் தட்டம்மை ஊசியும் இருக்கின்றன என்பது அட்டையில் எங்கும் இருக்காது. எங்கள் பெண்ணுக்கு இதனாலேயே மூன்று வாரம் போனது. ஊசி போட்ட டாக்டரிடம் நோயின் பெயர், தேதி எல்லாம் ஆங்கிலத்தில் எழுதி, முத்திரையோடு ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.