டெம்னிதார் யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ருமேனிய ஊழல் வழக்குச் செய்தி ஒன்றைக் கணினி மொழிபெயர்ப்பில் படித்தேன். மூலத்தில் ‘டெம்னிதார்’ என்று இருந்ததை ஓரிடத்தில் ‘பிரமுகர்’ என்றும் இன்னோரிடத்தில் ‘அரசு அதிகாரி’ என்றும் போட்டிருந்தது. எது சரி?

க., திருச்சி

அன்புள்ள க.,

இரண்டுமே சரியில்லை. கல்யாண வீட்டில் முன்வரிசையில் உட்காருகிறவரும் பிரமுகர்தான். டெம்னிதார் என்றால் பதவி வேண்டும்: குடியரசுத் தலைவர், அமைச்சர், நாடாளுமன்ற உறுப்பினர், அமைச்சகங்களின் அரசுச் செயலர். இந்தச் செயலர் நம் ஊர் ஐ.ஏ.எஸ். செயலாளர் அல்ல; அரசியல் நியமனம். ஆட்சி கவிழ்ந்தால் பெரும்பாலும் அவரும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

போட்டித் தேர்வு எழுதி நிரந்தரப் பணிக்கு வருகிறவருக்கு வேறு பெயர், ‘ஃபுங்க்ட்ஸியோனார் பூப்ளிக்’. 1999இல் இவர்களுக்கென்றே தனிச்சட்டம் வந்தது. பள்ளி ஆசிரியர் இதிலும் சேரமாட்டார். பேச்சுவழக்கில் அரசுச் சம்பளம் வாங்கும் எல்லோரும் ‘புஜெதார்’, அதாவது பட்ஜெட்டில் சாப்பிடுகிறவர்கள். 2010இல் அரசு 25 சதவீதச் சம்பள வெட்டு கொண்டுவந்தபோது அடி வாங்கியவர்கள் இவர்கள்தான்.

குழப்பம் குற்றவியல் சட்டத்தில் இருக்கிறது. அங்கே ‘ஃபுங்க்ட்ஸியோனார் பூப்ளிக்’ என்பதற்குள் டெம்னிதாரும் அடக்கம். லஞ்ச வழக்கு இருவர் மீதும் பாயும். இதிலிருந்து நழுவத்தான் 2013 டிசம்பர் 10 அன்று கீழவை ஒரு வேலை செய்தது. குடியரசுத் தலைவரும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் அந்தச் சொல்லுக்குள் வரமாட்டார்கள் என்று ஒரு திருத்தம். நிகழ்ச்சி நிரலில்கூட இல்லாமல் அன்றைக்கே வாக்கெடுப்பும் முடிந்தது. சிறைக்குப் பயந்தவர்களுக்கு அகராதியில் இவ்வளவு அக்கறை! அந்த நாளை ‘கறுப்புச் செவ்வாய்’ என்கிறார்கள். சரி, திருத்தம் நிலைத்ததா? இல்லை. அரசமைப்பு நீதிமன்றம் 2014 ஜனவரி 15இல் அதைத் தள்ளிவிட்டது. பிப்ரவரி 1இல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தின் 175ஆம் பிரிவில் டெம்னிதார் உள்ளேயேதான் இருந்தார்.

ஆகவே நீங்கள் படித்த செய்தியில் ஒரே ஆளுக்கு ‘டெம்னிதார்’, ‘ஃபுங்க்ட்ஸியோனார் பூப்ளிக்’ என்ற இரண்டு பெயரும் வந்தால் முரண் இல்லை. நானாக இருந்தால் டெம்னிதாருக்குப் ‘பதவியாளர்’ என்று போடுவேன். சட்டப்பிரிவு வரும் இடத்தில் மட்டும் ‘பொது ஊழியர்’.